திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்: முதன்முறை போகிறவர்களுக்கு

கடவுச்சீட்டு அலுவல், விசா நேர்முகம், மஹரகம கிளினிக், விமான நிலையம், பரீட்சை என்று ஏதோ ஒன்றுக்காக விடியற்காலையில் கொழும்பில் நிற்க வேண்டி வந்தால், திருகோணமலைக்காரருக்குப் பெரும்பாலும் இரவு பஸ்தான் கைகொடுக்கும். ஒரு நாள் லீவு மிச்சம், லொட்ஜ் காசும் மிச்சம். ஆனால் முதன்முறை போகிறவரைக் களைப்பை விடப் பதற்றம்தான் அதிகம் வாட்டும். பஸ் எங்கே நிற்கும், மூத்திரம் முட்டினால் என்ன செய்வது, டிக்கியில் போட்ட பை பத்திரமாக இருக்குமா, இறங்கும் இடம் தாண்டிவிட்டதா? இந்தக் கேள்விகள் எல்லாம் இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போதுதான் வரும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் பிழையாகப் போகும். அதனால் இங்கே சொல்லியிருப்பவற்றில் முக்கால்வாசி பகலிலேயே, வீட்டில் இருந்தபடி முடிக்க வேண்டியவை.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

றோட்டால் மொத்தம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். திருகோணமலையில் வெளிக்கிட்டால் கந்தளாய் (சுமார் 40 கி.மீ.), அங்கிருந்து அக்போபுர, கல்லோயாச் சந்தி தாண்டி ஹபரணை (சுமார் 86 கி.மீ.), பிறகு தம்புள்ளை (110), கலேவெல, மெல்சிரிபுர, இப்பாகமுவ, குருநாகல் (ஏறத்தாழ 165), பொல்கஹவெல, அலவ்வ, அம்பேபுஸ்ஸ. அம்பேபுஸ்ஸவில் கண்டி வீதி சேரும். அதன் பிறகு வரக்காபொல, நிட்டம்புவ, கடவத்தை, கிரிபத்கொட, பேலியகொட, புறக்கோட்டை.

இதை ஒரு துண்டுக் கடதாசியில் வரிசையாக எழுதிக் கையில் வைத்திருங்கள். ஃபோனில் வரைபடம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஹபரணைக் காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பற்றரியும் இறங்கும். போகும் பாதை முழுவதையும் வீட்டு வைஃபையிலேயே ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கண் விழிக்கும்போது "இது குருநாகல், இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது" என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

இரவில் ஆறு மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். மழை, பழுது, வழியில் ஆள் ஏற்றுதல் எல்லாம் சேர்ந்தால் ஏழு. இரவு பத்து மணிக்கு ஏறினால் விடியப்புறம் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் புறக்கோட்டை. விமானம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை நம்பி அதே இரவில் போகக் கூடாது. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை இந்தப் பக்கம் மழைக்காலம். கந்தளாய்ப் பக்கம் வெள்ளம் நின்றால் நேரத்துக்குப் போய்ச் சேர எவராலும் உத்தரவாதம் தர முடியாது. காலை விமானமென்றால் முதல் நாள் பகல் பஸ்ஸில் போங்கள்.

எந்த பஸ், எந்த நாள்

இந்த வழித்தடத்தின் இலக்கம் 49. முன் கண்ணாடிப் பலகையில் அந்த இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்து ஆட்கள் திருகோணமலை டவுனுக்கு வந்து ஏறத் தேவையில்லை, அங்கிருந்தே கொழும்புக்கு நேர் பஸ் உண்டு. ஊரில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இ.போ.ச.வின் (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ்ஸும் பிரைவேட் சாதாரண பஸ்ஸும் பெரும்பாலும் ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு சீட் கொண்டவை. சீட் சாயாது, ஜன்னல் திறக்கலாம். ஏசி பஸ்ஸில் இரண்டுக்கு இரண்டு, சீட் சாயும், கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கு. டீசல் விலை ஏறி இறங்கும்போது கட்டணமும் மாறுவதால், போன வருஷம் போன ஆளிடம் கேட்காமல் அந்தக் கிழமை போய் வந்தவரிடம் கேளுங்கள்.

ஏசி என்றால் எல்லாருக்கும் சுகம் என்று இல்லை. பஸ்ஸில் சத்தி எடுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மூடிய ஜன்னல், திரைச்சீலை மணம், பக்கத்து ஆள் சாப்பிடும் ரோல்ஸின் மணம் எல்லாம் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும். அப்படிப்பட்டவருக்குத் திறந்த ஜன்னலுள்ள சாதாரண பஸ் நல்லது. முதுகு வலிக்காரர், வயதானவர், அடுத்த நாள் நேர்முகத்துக்குப் போகிறவர் ஏசி எடுப்பது காசுக்குப் பெறுமதி. இ.போ.ச. பஸ்ஸுக்கு இன்னொரு நன்மை உண்டு. கந்தளாய், குருநாகல் போன்ற இடங்களில் டிப்போ இருப்பதால் பழுதுபட்டால் மாற்று பஸ் வர வாய்ப்பு அதிகம். சிறிய ரோசா ரக ஏசி பஸ்ஸென்றால் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: நடைபாதையில் மடிப்புச் சீட் போடுவார்களா? போட்டால் நடுவழியில் எழும்பி இறங்க முடியாது. அந்த மடிப்புச் சீட்டையே உங்களுக்குத் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஆறு மணித்தியாலம் தலைசாய்க்க இடமில்லாமல் போக நேரும்.

ஞாயிறு இரவு திருகோணமலையிலிருந்து கொழும்புக்கும், வெள்ளி இரவு கொழும்பிலிருந்து இங்கேயும் நெரிசல். போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, இரண்டு பெருநாள்கள், கோணேசர் கோவில் திருவிழா நாட்கள், நிலாவெளிக்குச் சுற்றுலாக்காரர் வரும் ஏப்ரல் தொடங்கிய மாதங்கள் ஆகியவற்றில் மூன்று நாலு நாளுக்கு முன்பே சீட் புக் பண்ணுங்கள். செவ்வாய், புதன் இரவுகளில் நேரே போய் ஏறினாலும் இடம் கிடைக்கலாம்.

ஃபோனில் புக் பண்ணினால் நாலு விவரம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பஸ்ஸின் நம்பர் பிளேட், சீட் இலக்கம், ஏறும் இடம், வெளிக்கிடும் நேரம். வாயால் சொன்ன சீட்டுக்கு ஸ்டாண்டில் மதிப்பில்லை. ஒரே சீட்டை இரண்டு பேருக்குச் சொல்லிவிடுகிற குழப்பம் பெருநாள் நேரத்தில் வருவதுண்டு. அப்போது உங்கள் ஃபோனில் இருக்கும் செய்திதான் பேசும்.

எந்த சீட்

இதற்கு நேரம் செலவழிப்பது வீண் போகாது.

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில், அதாவது முன்னிருந்து மூன்றாம் வரிசை தொடங்கி நடுப்பகுதி வரை குலுக்கல் குறைவு. பின் சில்லுக்கு மேலுள்ள வரிசை ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். கடைசி வரிசை சாயாது, சில்லுக்கும் பின்னால் தள்ளியிருப்பதால் ஆட்டம் இன்னும் அதிகம். இடுப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சாதாரண லேலண்ட் பஸ்ஸில் அது டிரைவருக்குப் பக்கத்தில். முதல் இரண்டு வரிசைக்குச் சூடும் இரைச்சலும் வரும். பெரிய ஏசி பஸ்கள் பலவற்றில் எஞ்சின் பின்னால், அங்கே கடைசி வரிசைகள் கொதிக்கும். முன் சீட்டில் இன்னொரு சிக்கல், அது மதகுருமாருக்கு ஒதுக்கிய இடமாக இருக்கலாம். நடுவழியில் ஒரு பிக்கு ஏறினால் எழும்ப வேண்டி வரும், அதைப் பற்றிக் கொண்டக்டரோடு வாதாடிப் பயனில்லை. கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கிய இடமும் அப்படித்தான்.

நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. எதிரே வரும் லொறியின் வெளிச்சம் வலப்பக்க ஜன்னல்களில் அடித்துக்கொண்டே இருக்கும். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு இரவிரவாக லொறிகள் போவதால் இது சின்ன விஷயம் இல்லை. தூங்க விரும்பினால் இடப்பக்கம். ஜன்னலோரம் தலை சாய்க்க வசதி, நடைபாதையோரம் கால் நீட்டவும் எழும்பவும் வசதி. அடிக்கடி மூத்திரம் போகிறவருக்கு நடைபாதையோரம், கதவுக்குக் கிட்ட. பஸ் மோதினால் கண்ணாடிக்கு நேரே இருக்கும் முதல் வரிசையில்தான் ஆபத்து அதிகம். சீட்டில் பட்டி இருந்தால் போடுங்கள், பக்கத்தில் யாரும் போடவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம்.

பையை இரண்டாகப் பிரியுங்கள்

ஒன்று டிக்கிக்குப் போவது, மற்றது மடியில் இருப்பது. மடிப்பைக்குள் போக வேண்டியவை: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கிளினிக் கொப்பி, அசல் சான்றிதழ்கள், மருந்து, காசு, ஃபோன், பவர் பேங்க், போர்வை, ஒரு சோடி மேசு, தண்ணீர்ப் போத்தல், ஈரத் துடைப்பான், மூன்று நாலு சொப்பிங் பை. இன்சுலின், இரத்த அமுக்க மாத்திரை, ஆஸ்துமா பம்ப் எதையும் டிக்கியில் போடக் கூடாது. பஸ் ஓடத் தொடங்கினால் அந்த டிக்கி உங்களுக்குத் திறக்காது.

மேல் ராக்கையில் வைக்கும் பையை உங்கள் தலைக்கு நேர் மேலே வைக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து ராக்கையில், இரண்டு வரிசைக்கு முன்னால் வைத்தால் இருந்த இடத்திலிருந்தே கண்ணில் படும். ஆவணமும் காசும் உள்ள சிறு பையின் பட்டியைக் கையிலோ தோளிலோ சுற்றிக்கொண்டு தூங்குங்கள். காசை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். கழிவறைக்கும் தேத்தண்ணிக்கும் சில்லறையும் நூறு ரூபாத் தாள்களும் மேல் சட்டைப்பையில் இருக்கட்டும். நடுவழியில் கட்டுக்காசை எடுத்து விரிக்கக் கூடாது.

டிக்கியில் போடும் பைக்கு வெளியே பெயரும் ஃபோன் நம்பரும், உள்ளே அதே விவரத்தோடு ஒரு துண்டும் இருக்க வேண்டும். கறுப்புப் பைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். குருநாகலிலும் கடவத்தையிலும் ஆட்கள் இறங்கும்போது டிக்கி திறக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலால் எட்டிப் பாருங்கள். பை மாறிப் போவது அநேகமாக இந்த இடங்களில்தான். திருட்டை விட அவசரத்தில் மாற்றி எடுப்பதுதான் அதிகம்.

கொழும்பில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கருவாடு கொண்டுபோகாத திருகோணமலைக்காரர் குறைவு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பேப்பரில் சுற்றி, பிறகு பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி, அதன் மேல் இன்னொரு பொலித்தீன், கடைசியில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. பச்சை மீனென்றால் ரெஜிபோம் பெட்டி. ஐஸை நேரே கொட்டாமல், போத்தலில் உறைய வைத்த தண்ணீரை மீனுக்கு நடுவில் வையுங்கள். உருகினாலும் போத்தலுக்குள்ளேயே இருக்கும். பெட்டி மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, டிக்கியின் அடித்தட்டில் வையுங்கள். மீன் தண்ணீர் ஒழுகி இன்னொருவரின் நேர்முக உடுப்பில் பட்டால் அந்தச் சண்டை புறக்கோட்டை வரை நீளும்.

சாப்பாடும் வயிறும்

வெளிக்கிட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இலேசாகச் சாப்பிடுங்கள். இடியப்பமும் சொதியும், அல்லது இரண்டு பிட்டு, அல்லது பாணும் வாழைப்பழமும். கொத்து, பராட்டா, இறைச்சிக் குழம்பு வேண்டாம். எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றில் நீண்ட நேரம் கிடக்கும், ஹபரணைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் நெஞ்செரிவாக மேலே வரும். வெறும் வயிறும் கூடாது, அதிலும் பிரட்டும்.

மூத்திரப் பயத்தில் தண்ணீரே குடிக்காமல் ஏறுவது பெரும் பிழை, பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள். உடம்பு வறண்டால் தலையிடி, மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, காலில் இரத்தம் உறையும் ஆபத்து எல்லாம் கூடும். மாலை வரை வழக்கம்போலக் குடியுங்கள். ஏறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் குறைத்து, பஸ்ஸில் மிடறு மிடறாகக் குடியுங்கள். தேத்தண்ணி, கோப்பி, கொக்கக் கோலா மூத்திரத்தைத் தூண்டும், தூக்கத்தையும் கெடுக்கும். ஏறும் முன் முட்டாவிட்டாலும் ஒருமுறை கழிவறைக்குப் போய் வாருங்கள்.

சத்திக்கு மாத்திரை உண்டு, ஆனால் நேரம் தவறினால் பயனில்லை. டைமென்ஹைட்ரினேட் வகையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும். சினரிசின் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன். சத்தி வரத் தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இரண்டுமே தூக்கம் வரவைப்பவை, மதுவோடு சேரக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கண் அழுத்தம் அல்லது புரஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் டொக்டரிடம் அல்லது பார்மசிக்காரரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அதோடு ஃபோன் திரையைப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். கண் அசையாத எழுத்தைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர, அந்த முரண்தான் சத்தியாக மாறுகிறது. முன் கண்ணாடி வழியே தூரத்து றோட்டைப் பாருங்கள், முடியாவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சீட்டில் அழுத்தி வையுங்கள். சொப்பிங் பையை இரண்டிரண்டாகச் செருகி, ஓட்டையில்லை என்று ஊதிப் பார்த்து, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஏறும்போது

வெளிக்கிடும் நேரத்துக்கு 45 நிமிடத்துக்கு முன் ஸ்டாண்டில் இருங்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதன் கடைசி நாலு இலக்கத்தை உங்கள் மனதிலும் வையுங்கள், நள்ளிரவில் அது தேவைப்படும். ஸ்டாண்டைச் சுற்றிப் புள்ளிமான்கள் திரியும். சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனைக் கீழே போட்டால் அவை சாப்பாட்டு மணத்துக்கு அதையும் விழுங்கி வயிறு அடைத்துச் சாகின்றன. குப்பையைப் பையோடு கொண்டுபோய்த் தொட்டியில் போடுங்கள்.

ஏறியவுடன் கொண்டக்டரோடு ஒரு தரம் கதையுங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எங்கே எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள், கூட வரும் அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் அது. பஸ் ஓடத் தொடங்கி லைட் அணைந்த பிறகு கேட்பதை விட அப்போது கேட்டால் மனதில் வைத்திருப்பார். தமிழ் தெரியாதவரென்றால் இந்த நாலு சிங்கள வசனமும் போதும்: "மம கடவத்தென் பஹினவா" என்றால் நான் கடவத்தையில் இறங்குகிறேன், "டிகக் நவத்தன்ன" என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள், "ஏசி எக டிகக் அடு கரன்ன" என்றால் ஏசியைக் குறையுங்கள், "ஹெமின் யன்ன" என்றால் மெதுவாகப் போங்கள்.

டிக்கட்டைக் கேட்டு வாங்கி, பயணம் முடியும் வரை எறியாமல் வைத்திருங்கள். பழுது, மிச்சக் காசு, காணாமற்போன பை, முறைப்பாடு எதற்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

கந்தளாய் தாண்டினால் யானைக்காடு

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான ஏறத்தாழ 45 கிலோமீற்றரில் கவுடுல்ல, ஹுருலு காடுகளின் யானைகள் றோட்டைக் கடக்கும். சில நேரம் றோட்டோரம் நின்று வாகனங்களிடம் சாப்பாடும் எதிர்பார்க்கும். பஸ் திடீரென்று மெதுவாகும், லைட்டைத் தாழ்த்தி நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, டிரைவருக்கு அது பழகிய விஷயம். ஜன்னலால் டோர்ச் அடிப்பது, ஃபோன் ஃப்ளாஷில் படம் எடுப்பது, சத்தம் போடுவது, வாழைப்பழம் எறிவது எல்லாம் யானையைக் கோபப்படுத்தும் அல்லது பஸ்ஸை நோக்கி வரப் பழக்கும். இந்தத் துண்டில் பஸ் பழுதாகி நின்றால்கூட ஒதுங்குவதற்காகப் பற்றைக்குள் போகாதீர்கள். பஸ்ஸோடு ஒட்டி, வெளிச்சத்தில், துணையோடு மட்டும் இறங்குங்கள். முடிந்தால் ஹபரணைச் சந்தி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவழி நிறுத்தம்

பெரும்பாலும் ஒரேயொரு நிறுத்தம்தான். தம்புள்ளைக்கும் குருநாகலுக்கும் இடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 15 முதல் 20 நிமிடம். தூக்கம் கலைந்தாலும் இறங்குங்கள். இதைத் தவறவிட்டால் கொழும்பு வரை வேறு கழிவறை கிடைக்காமல் போகலாம்.

அங்கே ஒரே நிறத்தில் நாலைந்து பஸ் நிற்கும். எல்லாமே இரவில் ஒன்றுபோல இருக்கும். இறங்கும்போது மனதில் வைத்த நாலு இலக்கத்தை மறுபடி பாருங்கள், எத்தனை மணிக்கு எடுப்பார் என்று கொண்டக்டரிடம் கேளுங்கள், "நான் இறங்குகிறேன்" என்று பக்கத்துச் சீட்காரருக்குச் சொல்லுங்கள். முதலில் கழிவறை, பிறகுதான் தேத்தண்ணி. வரிசை நீளமாக இருக்கும். ஆவணப் பை உங்களோடுதான் வர வேண்டும். கொண்டக்டர் தலையை எண்ணுவார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

தெரியாதவர் அன்பாக நீட்டும் பிஸ்கட், குளிர்பானம், டொபி எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மயக்க மருந்து கலந்து கொடுத்து நகையையும் காசையும் எடுக்கும் ஆட்களைப் பற்றிப் பொலிஸ் அடிக்கடி எச்சரிக்கிறது. "இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டால் எவருக்கும் மனம் நோகாது. மூடி திறந்த உங்கள் சொந்தப் போத்தலையும் சீட்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

தூக்கமும் கால்களும்

ஏசி பஸ்ஸில் நள்ளிரவுக்குப் பிறகு குளிர் ஏறும். தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தை முகத்திலிருந்து திருப்பி விடுங்கள். உடைந்திருந்தால் பேப்பரை மடித்து அடையுங்கள். காதுக்குப் பஞ்சு வையுங்கள், பாட்டுச் சத்தமும் ஹோனும் பாதியாகும். கழுத்துக்குத் துவாயைச் சுருட்டி வைத்தால் போதும், காசு கொடுத்துத் தலையணை வாங்கத் தேவையில்லை. முழுசாக ஆறு மணித்தியாலம் தூங்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். விட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் வந்தாலே அது நல்ல இரவு. தூக்கம் வரவில்லையே என்ற கவலைதான் தூக்கத்தைத் துரத்துகிறது.

நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் தேங்கும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குதிக்காலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள், 20 தரம். காலுக்குக் கீழே பையை அடைத்து வைத்தால் இதைச் செய்ய முடியாது. கர்ப்பிணிகளும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், முன்பு காலில் இரத்தம் உறைந்தவர்களும் பயணத்துக்கு முன் டொக்டரிடம் கேட்க வேண்டும். இறங்கிய பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவெடுத்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. 1990 இலவச அம்புலன்ஸ்.

பஸ்ஸுக்குள் திடீரென்று நெஞ்சு படபடத்து, இறங்கி ஓட வேண்டும்போல வந்தால், நாலு எண்ணும் வரை மூச்சை எடுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள், பத்துத் தரம். குளிர்ந்த தண்ணீரை மணிக்கட்டிலும் பிடரியிலும் தடவுங்கள். பிறகு அந்தத் துண்டுக் கடதாசியை எடுத்து அடுத்த ஊர் எது என்று பாருங்கள்.

தனியாகப் போகும் பெண்கள்

புக் பண்ணும்போதே பெண்ணுக்குப் பக்கத்து சீட் வேண்டுமென்று சொல்லுங்கள். பெரும்பாலான கொண்டக்டர்மார் அதைச் செய்து தருவார்கள். செய்யாவிட்டால் ஏறியவுடன் இன்னொரு பெண் பயணியிடம் நேரே கேளுங்கள். யாராவது உரசினால், கை போட்டால், தூக்கத்தில் பட்டதோ என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். "கையை எடு" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சொல்லுங்கள். எழும்பிக் கொண்டக்டரிடம் போய் சீட் மாற்றித் தரச் சொல்லுங்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைக்கலாம், அடுத்த ஊரில் பொலிஸ் வரும். பிழை செய்தது நீங்கள் இல்லை, உங்களுக்காக ஒரு பஸ் பத்து நிமிடம் நிற்பதில் தவறும் இல்லை.

டிரைவர் தூங்கினால்

இரவு இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் மனித உடம்புக்கு விழிப்பு மிகக் குறையும். இந்த வழியில் அது குருநாகலுக்கும் கடவத்தைக்கும் நடுவிலான நேரம். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் ஓர் அதிகாலையில்தான். விழித்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை: பஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தாண்டித் திரும்புவது, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைவது, பிரேக் தாமதமாக விழுவது, டிரைவர் அடிக்கடி முகத்தைத் துடைப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டால் டிரைவரிடம் கத்தாதீர்கள், திடுக்கிட்டால் இன்னும் மோசம். கொண்டக்டரிடம் போய், "ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்துங்கள், எல்லாருக்கும் ஒதுங்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால், அல்லது எதிரே வாகனம் வரும்போது முந்துகிற பைத்தியக்கார ஓட்டமென்றால், நம்பர் பிளேட்டைச் சொல்லி 119க்கு எடுங்கள். தூங்கும் நாற்பது பேரின் உயிர் அதில் இருக்கிறது.

பஸ் பழுதானால்

முதல் அரை மணித்தியாலம் காத்திருங்கள், ரயர் மாற்ற அவ்வளவு போதும். அதற்கு மேலென்றால் மாற்று பஸ்ஸில் ஏற்றிவிடவோ மிச்சத் தூரத்தின் காசைத் தரவோ கொண்டக்டரைக் கேளுங்கள், அங்கேதான் டிக்கட் உதவும். ஹபரணை தாண்டியிருந்தால் கவலை குறைவு. மட்டக்களப்பு பஸ்களும் அந்த வழியால் கொழும்புக்கு வரும். வேறு பஸ்ஸில் ஏறும் முன் டிக்கியிலிருந்து பையை எடுத்தீர்களா என்று பாருங்கள்.

கொழும்பில் இறங்குதல்

எல்லாரும் புறக்கோட்டை வரை போகத் தேவையில்லை. காலி, மாத்தறைப் பக்கம் போகிறவர் கடவத்தையில் இறங்கினால் வெளிவட்ட அதிவேகப் பாதை பஸ் பிடிக்கலாம். இறங்க 40 நிமிடத்துக்கு முன், நிட்டம்புவ வரும் நேரத்துக்கு, ஃபோனில் அலாரம் வையுங்கள். அதிரும் அலாரம் போதும்.

புறக்கோட்டையில் இருட்டோடு இறங்கினால் அவசரப்படாதீர்கள். ஓட்டோக்காரர் நாலு பேர் ஒரே நேரத்தில் பையைப் பிடிப்பார்கள். பையைக் கொடுத்துவிட்டால் விலை பேச முடியாது. வெளிச்சமான இடத்தில், ஆட்கள் நிற்கும் பக்கமாக நின்று, ஃபோனில் பிக்மீ அல்லது ஊபர் வாடகை வாகனச் செயலியில் விலையைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் கோட்டை ரயில் நிலையம். விடியும் வரை நிற்க அந்தப் பக்கம் நல்லது. விடிந்த பிறகு பஸ்: வெள்ளவத்தைக்கு 100, 101, மஹரகமவுக்கு 138, பத்தரமுல்லைக்கு 190, விமான நிலையத்துக்கு 187. நேர்முகம் உள்ளவர் உடுப்பை பஸ்ஸில் போட்டுக் கசக்காமல் மடித்துக் கொண்டுபோய், இறங்கிய பிறகு மாற்றுங்கள்.

திரும்பி வரும்போது

புறக்கோட்டையில் இ.போ.ச. பஸ் ஓரிடத்திலும் பிரைவேட் பஸ் வேறிடத்திலும் நிற்கும். எந்த ஸ்டாண்டில், எந்த வரிசையில் என்று புக் பண்ணும்போதே கேளுங்கள். "இப்ப வெளிக்கிடும்" என்ற கூப்பாட்டை நம்பி ஏறி ஒரு மணித்தியாலம் வேர்க்க இருப்பது சாதாரணம். உள்ளே எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கந்தளாயிலோ தம்பலகாமச் சந்தியிலோ இறங்குகிறவர்கள் ஹபரணையில் விழித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கந்தளாய் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவு. நிலாவெளி, குச்சவெளி, ஈச்சிலம்பற்றுக்குப் போகிறவர்கள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு, அதற்கு முந்திப் போய் இறங்காதபடி கொழும்பில் வெளிக்கிடும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். பத்து மணி பஸ்ஸுக்குப் பதில் பதினொரு மணி பஸ்ஸை எடுத்தாலே ஸ்டாண்டில் கொசுக்கடியோடு இருக்கும் நேரம் பாதியாகும்.

முறைப்பாடு செய்ய இருந்தால் களைப்பு ஆறும் வரை தள்ளிப் போடாமல் அன்றைக்கே செய்யுங்கள். மாகாணங்களுக்கிடையே ஓடும் பிரைவேட் பஸ்ஸென்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955, இ.போ.ச. பஸ்ஸென்றால் 1958. நம்பர் பிளேட், வழித்தட இலக்கம், திகதி, நேரம், இடம், டிக்கட்டின் படம் ஆகிய ஆறையும் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள்.